படகில் ஏறுமுன் மலையைப் பாருங்கள்

தலைநகரில் மாலை மழை ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினால் போதும். பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்ப்பவர்களுக்கு மலைப்பாக இருக்கும். காலையில் கான்கிரீட் தளத்தின் நடுவே மெலிந்து கிடந்த தண்ணீர், மாலையில் சுவரின் மேல் ஏறி, நுரை கக்கிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துவிட்டு, "இங்கேயே ராஃப்டிங் செய்யலாம் போலிருக்கிறதே! எதற்குக் காசு செலவழித்து உலு சிலாங்கூர் வரை போக வேண்டும்?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு.

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஜேம்ஸ் ஆறு நகரின் நடுவிலேயே பாறைகளில் மோதி ஓடுகிறது. அலுவலகக் கட்டடங்களின் நிழலில் அங்கே ரப்பர் படகுகள் போகின்றன. அதே நாட்டின் கொலம்பஸ் நகரத்தில் 2012-ஆம் ஆண்டு பழைய ஆலை அணை ஒன்றை உடைத்து, ஊருக்குள்ளேயே ஒரு படகு ஓட்டப் பாதையை உருவாக்கினார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், ஒரு நாள் ராஃப்டிங் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

நகரத்து ஆறு ஏன் உதவாது?

கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கலந்து, கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. 1926-லும் 1971-லும் தலைநகரை மூழ்கடித்த பெருவெள்ளங்களை மூத்த தலைமுறையினர் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். மழைநீர் ஊருக்குள் தங்காமல் விரைந்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே நகரப் பகுதியில் ஆறு நேராக்கப்பட்டது. இரு புறமும் சுவர் எழுப்பப்பட்டது. 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கப்பாதையும் அதே நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதுதான்.

வெள்ளத்தைக் கடத்துவதற்கு இந்த அமைப்பு நல்லது. மனிதன் உள்ளே விழுந்தால் இதுவே எமன். இயற்கையான ஆற்றில் பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் சற்று நின்று சுழலும். படகோட்டிகள் அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வளைவுகளில் மணல் திட்டு இருக்கும், அங்கே கரையேறலாம். சுவர் கட்டிய ஆற்றில் ஒதுங்க இடமில்லை, பிடித்து ஏற வேரும் இல்லை, கல்லும் இல்லை. பாலத் தூண்களும், குப்பையைத் தடுக்கும் வலைகளும், குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்பணைகளும் வழியில் நிற்கின்றன.

அந்தத் தாழ்வான தடுப்பணைகள்தான் மிகவும் மோசம். பார்வைக்கு இடுப்பளவு உயரமே இருக்கும். ஆனால் அதன் மேல் வழிந்து விழும் தண்ணீர், அடியில் சென்று மேலெழுந்து மறுபடியும் அணையை நோக்கியே திரும்பும். அதில் சிக்கியவரை அது சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவரும் களைத்துப் போவார். சுழல் நீரின் வலிமை எப்படிப்பட்டது என்பதை நம் நாடு 2018 அக்டோபர் 3-ஆம் தேதி கண்ணீரோடு கற்றுக்கொண்டது. புச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் பழைய ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படை வீரர்கள் அறுவர் மூழ்கி மாண்டனர். அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூன்றாவது காரணம், தண்ணீரின் தரம். நம் சுற்றுச்சூழல் இலாகா ஆற்று நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. உடலில் படும்படி நீரில் விளையாட வேண்டுமானால் குறைந்தது இரண்டாம் வகுப்பின் 'பி' பிரிவுத் தரம் வேண்டும். தலைநகர ஆறுகளை அந்தத் தரத்துக்கு உயர்த்துவதே, கடந்த பத்தாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் ஆரம்பித்த 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டத்தின் இலக்காக அறிவிக்கப்பட்டது. கரையோரம் அழகாகியிருக்கிறது. ஆனால் சாக்கடைக் கழிவும் சாப்பாட்டுக் கடை எண்ணெயும் மழையோடு சேர்ந்து இறங்கும் தண்ணீரில் யாரும் பிள்ளைகளை இறக்க மாட்டார்கள்.

அப்படியானால் எங்கே போவது?

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது சிலாங்கூர் ஆறு. பிரேசர் மலைப் பக்கம் உற்பத்தியாகி, கோல குபு பாரு வழியாக இறங்கி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கும் ஆறு இது. கோல குபு பாருவுக்கு மேலே மலைச் சரிவில் ராஃப்டிங் நடக்கிறது. தலைநகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். இன்னும் தொலைவு போகத் தயாராக இருப்பவர்களுக்குப் பேராக், கோப்பேங்கில் கம்பார் ஆறும், சபாவில் பாடாஸ் ஆறும் இருக்கின்றன. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் கோல குபு பாருவே வசதி.

மலாயில் 'ஜெராம்' என்று சொல்கிறோமே, பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து ஓடும் இடம், அதை உலகம் முழுவதும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் மெல்லிய சலசலப்பு. இரண்டாம் தரத்தில் சிறிய அலைகள் இருக்கும். மூன்றாம் தரத்தில் அலை படகுக்குள் அடிக்கும். வழிகாட்டியின் சொல் கேட்டுத் துடுப்புப் போட வேண்டும். நான்கில் அனுபவம் தேவை. ஐந்து, கைதேர்ந்தவர்களுக்கு. ஆறு, உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். முதன்முறை போகும் குடும்பங்களுக்கு இரண்டு அல்லது மூன்றாம் தரமே போதும்.

தண்ணீரின் தர வகுப்பையும் ஜெராமின் தர எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது சுத்தத்தைச் சொல்கிறது, பின்னது வேகத்தையும் சிக்கலையும் சொல்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெராமின் தரம் நிரந்தரமானதன்று. அதே இடம், அதே பாறை. தண்ணீர் கூடினால் இரண்டாக இருந்தது நான்காகிவிடும். போன மாதம் போய் வந்த நண்பர் "ஒன்றும் பயமில்லை" என்று சொன்னது போன மாதத் தண்ணீருக்குத்தான் பொருந்தும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. ஓடும் வேகம் இரு மடங்கானால், அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவுத் தண்ணீர்கூட ஆளை ஏன் சாய்த்துவிடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

குழாயில் வரும் ஆறு

கோல குபு பாருவுக்கு மேலே இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டது. அதன் உயரம் சுமார் 110 மீட்டர். அதற்காகப் பெர்த்தாக், கெராச்சி கிராமங்களைச் சேர்ந்த தெமுவான் பூர்வகுடி மக்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. அந்நாளில் எழுந்த எதிர்ப்புக் குரல்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த அணை தண்ணீரைத் தேக்கி, தேவைக்கு ஏற்ப ஆற்றிலேயே திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் கீழே ஓடிச் சென்று, சுத்திகரிப்பு நிலையங்களில் எடுக்கப்பட்டு, நம் வீடுகளுக்கு வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றையே நம்பியிருக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் கோங் ஆற்றில் ரசாயனக் கழிவு கலந்தபோது, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதே, அந்தக் கழிவு வந்து சேர்ந்ததும் இதே ஆற்றில்தான். காலையில் துடுப்புப் போட்ட தண்ணீரே பின்னர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் குழாயிலும் வரலாம். ஆற்றங்கரையில் பொட்டலச் சோற்றுக் காகிதத்தை வீசுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அணை திறக்கும் நீரின் அளவு, கீழே படகு போகும் இடத்தின் வேகத்தை மாற்றுகிறது. அணைக்குக் கீழே பக்கத்து மலைகளிலிருந்து வந்து சேரும் ஓடைகளை அணை கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "அன்றைய தண்ணீர் அளவை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? எந்த அளவுக்கு மேல் போனால் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். உடனே தெளிவாகப் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது.

இந்த ஊருக்கு மேலிருந்து வரும் தண்ணீர் புதிதன்று. கோல குபு பாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஓர் இடம் இருக்கிறது. அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883 அக்டோபரில் கனமழையில் அங்கிருந்த பழைய அணை உடைந்து, ஊர் அடித்துச் செல்லப்பட்டது. உலு சிலாங்கூரின் முதல் மாவட்ட அதிகாரியான சிசில் ரேங்கிங் அதில் உயிரிழந்தார். பின்னர் 1920-களிலும் வெள்ளம் விடாமல் துரத்தியதால், ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 'புதிய' என்று பொருள்படும் 'பாரு' அந்த ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

கெப்பாலா ஆயர்

நம் நாட்டு ஆறுகளில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது 'கெப்பாலா ஆயர்' எனப்படும் திடீர்ப் பெருக்குக்கு. குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை, ஓடைகளில் சேர்ந்து, மரக்கிளைகளோடும் சேற்றோடும் சுவர் போல இறங்கி வரும். 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் இப்படி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது.

அடையாளங்கள் சில உண்டு. தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கும். இலையும் சுள்ளியும் வழக்கத்துக்கு மாறாக மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். சற்று முன் கால் வைத்திருந்த கல் தண்ணீருக்குள் போயிருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். கீழ்நோக்கி ஓடிப் பயனில்லை. தண்ணீர் நம்மைவிட வேகமாக ஓடும். கைப்பேசி, ஐஸ் பெட்டி, செருப்பு ஆகியவற்றை எடுக்கத் திரும்பியவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்று மாறும். மேற்குக் கரையில் பிற்பகலில் இடியுடன் கனமழை பெய்வது அப்போது வழக்கம். எந்த மாதமானாலும் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் தண்ணீரை விட்டு வெளியேறிவிடும்படி திட்டமிடுவதே அறிவுடைமை.

ஒரு நாள் திட்டம்

பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பக் குழு கிள்ளானிலிருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரத்துக்கு முன்: ஏற்பாட்டாளர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா, வழிகாட்டிகள் பயிற்சிச் சான்று வைத்திருக்கிறார்களா, காப்புறுதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை, இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங்காலி அருகே முகாமிட்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்த பிறகு, உரிமம் என்ற சொல்லை வெறும் காகிதமாகப் பார்க்க முடியாது. குழந்தைகளுக்கான வயது வரம்பையும் கேட்க வேண்டும். இருதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. கர்ப்பிணிகள் கரையில் இருப்பதே நல்லது. மறைத்துவிட்டு ஏறுவது தன்னோடு படகில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

இரண்டு நாளுக்கு முன்: வானிலை இலாகாவின் 'மைசுவாச்சா' செயலியில் உலு சிலாங்கூர் மாவட்ட முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். கிள்ளானில் வெயில் அடிக்கிறதா என்பது இங்கே பயன்படாது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் வெளியாகிறது. முந்தின இரவு மலையில் மழை பெய்ததா என்பதையும் கேட்டு அறிய வேண்டும்.

காலை: காரில் போவோர் ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் நெரிசலைத் தவிர்க்கலாம். கொமுட்டர் ரயில் பாதையிலும் கோல குபு பாரு நிலையம் உண்டு. நிலையம் ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே அங்கிருந்து வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ரயில் நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது. பசியாறலை எளிமையாக முடித்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவு மது அருந்தியவர் அன்று படகில் ஏறக் கூடாது. இதில் சலுகையே கிடையாது.

உடை: நனைந்தால் கனக்கும் ஜீன்ஸ் வேண்டாம், துப்பட்டாவும் வேண்டாம். ஜப்பான் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கயிறு கட்டிய காலணி வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு வார் கட்ட வேண்டும். சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் இதை முன்கூட்டியே வீட்டாரோடு பேசி முடிவெடுத்துவிட்டால், ஆற்றங்கரையில் தர்மசங்கடம் இராது.

லைஃப் ஜாக்கெட்: அணிந்த பின் இன்னொருவர் தோள் பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். வாரை இறுக்க வேண்டும், அல்லது வேறு அளவு கேட்க வேண்டும். படத்துக்காகக் கழற்றுவது கூடாது. தலைக்கவசத்துக்கும் இது பொருந்தும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால்?

விழுவது ராஃப்டிங்கில் சாதாரணம். விழுந்த பின் செய்யும் தவறுதான் ஆபத்து. எழுந்து நிற்க முயல்வதே முதல் தவறு. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்து முகத்தை அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களைத் தண்ணீர் ஓடும் திசையில் நீட்டி, கால் விரல்கள் மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். வேகம் குறைந்த இடத்தில் கரையை நோக்கி நீந்தலாம். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

விழுந்து கிடக்கும் மரம் வழியில் தெரிந்தால் அதைவிட்டு விலகி நீந்த வேண்டும். கிளைகளுக்கு இடையே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. ஒருவர் அடித்துச் செல்லப்படும்போது உறவினர் பாசத்தில் பின்னால் குதிப்பது வீட்டுக்கு இரண்டு துக்கத்தைத் தேடிக்கொள்வதாகும். வழிகாட்டி பார்த்துக்கொள்வார், 999-க்கு அழைப்பது கரையில் இருப்பவர்களின் வேலை.

வீடு திரும்பியபின்னும் ஒரு கவனம் தேவை. தெளிந்த தண்ணீரிலும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். 2010-இல் பகாங், லுபோக் யூவில் மூழ்கிய ஒருவரைத் தேடியவர்களில் பலர் தண்ணீரிலும் மண்ணிலும் இருந்த கிருமிகளால் நோயுற்று, எண்மர் இறந்தனர். ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே மருத்துவரைப் பார்த்து, "ஆற்றில் இறங்கினேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையின் திசையையே மாற்றும்.

திரும்பி வரவும் தெரிய வேண்டும்

தோட்டப்புறத்தில் வளர்ந்த முந்தைய தலைமுறைக்கு ஆறு பழக்கமானது. எந்த மடுவில் இறங்கலாம், எந்த மழைக்குப் பின் இறங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். அடுக்குமாடி வீட்டிலும் தாமானிலும் வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அறிவு கைமாறவில்லை. விடுமுறை நாள்களில் நம் குடும்பங்கள் ஆற்றுக்குப் போவது மட்டும் குறையவில்லை. ஆகவே ராஃப்டிங் போகும் நாளைப் பிள்ளைகளுக்கு ஆற்றைச் சொல்லிக் கொடுக்கும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பயணத்தில் மிகவும் ஆபத்தான வாக்கியம் ஒன்று உண்டு: "பணம் கட்டியாகிவிட்டது, வந்ததும் வந்துவிட்டோம், போய்விடலாம்." வானம் கறுத்து நிற்கும்போதும், ஆறு கலங்கி ஓடும்போதும், இந்த வாக்கியம்தான் ஆள்களைப் படகில் ஏற்றுகிறது. இதற்கு மருந்து புறப்படும் முன்பே செய்யப்பட வேண்டும். மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றலாமா என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவரைத் தலைவராக்கி, அவர் "இன்று வேண்டாம்" என்றால் யாரும் கேலி செய்யக் கூடாது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தானால் நாள் வீணாகிவிடாது. கோல குபு பாருவின் பழைய கடைவீதி இருக்கிறது, அணைக்கட்டைப் பார்த்து வரலாம், அம்பாங் பெச்சாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர். ஆழத்தோடு சேர்த்து, மேலே மலையில் மழை பெய்கிறதா என்பதையும் தெரிந்துகொண்டு காலை வைத்தால், அடுத்த முறையும் அதே பத்துப் பேர் சேர்ந்து போய் வரலாம்.